உன் தங்கை பிழைத்துவிட்டாள், ருக்கு

என் கண்ணான ருக்கு,

முதலில் நல்ல சேதி. உன் தங்கை லட்சுமி பிழைத்துவிட்டாள். இன்று காலை கஞ்சி போதவில்லை என்று என்னோடு சண்டை போட்டாள். நர்ஸ் படிப்பு படிக்கிற எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும், சொல்?

தீர்த்தமலை மாசித் திருவிழாவில் வாந்திபேதி கண்டுவிட்டது. நம் வகுப்புப் பெண்கள் எல்லோரையும் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மலையடிவாரத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். யுத்த காலம் அல்லவா, நரம்பில் ஏற்றும் உப்புநீர் கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் தீர்ந்துபோயிற்று. இனி உப்புத் தண்ணீரை வாய்வழியாக ஊட்டுவதுதான் கதி என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்து, கம்பைநல்லூரிலிருந்து திருவிழாவுக்கு வந்த உன் அம்மா லட்சுமியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண் குழிந்து, கை சில்லிட்டுக் கிடந்தாள். அப்படியே உன் முகம்.

நான் டம்ளரை எடுத்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணி வேண்டாங்கண்ணு! தண்ணி குடுத்தா பேதி கூடிப்பூடும். மூத்தவ அத்தன கேட்டா, நான் ஒரு சொட்டு குடுக்கலியே!"

போன வருஷம் லீவில் ஊருக்குப் போன நீ வாந்திபேதியில் போய்விட்டாய் என்றுதான் எனக்குத் தெரியும். தாகத்தோடு போனாய் என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் லட்சுமியின் நாடி விரலுக்குச் சிக்கவில்லை. சண்டைக்கு ஏது நேரம்?

நிறமில்லாத மருந்தை நம் ஜனங்கள் மருந்தென்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று சிரிப்பாயே! கம்பவுண்டர் மிக்சருக்குப் போடும் சிவப்புச் சாயத்தை அங்கேயே உப்புத் தண்ணீரில் கலந்தேன். "இது தண்ணி இல்லீங்க ஆத்தா, மருந்துங்க." உடனே கையை விட்டுவிட்டார்.

ஊட்டினேன். வாந்தி எடுத்தாள். மறுபடியும் ஊட்டினேன். பொழுது சாய்வதற்குள் மூத்திரம் போனாள்! நாங்கள் கைகொட்டாத குறைதான். உடம்பில் நீர் தங்கிவிட்டது என்று அர்த்தம், இதை உனக்கா சொல்ல வேண்டும்?

பிறகு உன் அம்மா கேட்டார். "இந்த மருந்த அவளுக்கும் குடுத்திருந்தா பொழச்சிருப்பாளா, கண்ணு?"

என்ன சொல்வேன், ருக்கு? அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. "அப்ப இந்த மருந்து வரலீங்க ஆத்தா" என்றேன்.

"செரி கண்ணு" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் பார்க்கிறேன், பக்கத்துப் பாயில் கிடந்த யாரோ ஒருத்தியை உன் அம்மா மடியில் சாய்த்து ஊட்டிக்கொண்டிருக்கிறார். டம்ளரில் சிவப்பு இல்லை. பானையில் மொண்ட வெறும் உப்புத் தண்ணீர். "குடி தாயி, எவ்வளவு வேணுமோ குடி" என்று சொல்லிச் சொல்லி அழுகிறார். நான் பக்கத்தில் போய் அந்தப் பெண்ணின் தலையைத் தாங்கிக்கொண்டேன்.

பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் உன் வீட்டுக்குப் போவேன். அவரைத் தனியாக அழ விடமாட்டேன். இது சத்தியம்.

உன் அம்மாவுக்கு இனி மூத்தவளாக இருக்கப்போகும்
செல்லம்