உடையார் கல்லில் ஒரு மீன் கடகம்

கொன்றையடி,
கொடிகாமம்.
05.09.1993

அன்பு மகள் குணலட்சுமிக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் மாடும் கன்றும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அதுபோல நீயும் மருமகனும் உன் வயிற்றில் இருக்கிறவரும் நோர்வேயில் சுகமாக இருக்கிறீர்கள் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். நீ ஆனி மாதம் போட்ட கடிதம் போன கிழமைதான் வந்து சேர்ந்தது, உறையை யாரோ பிரித்துப் பார்த்துச் சோற்றுப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள், படம் மட்டும் பத்திரமாக இருந்தது. அப்போது ஐந்து மாதம் என்றால் இப்போது ஏழு முடிந்திருக்கும். மூன்றாம் மாடிக்குச் சாமான் பையை நீயே தூக்கிக்கொண்டு ஏறுவதாக எழுதியிருக்கிறாய், மருமகன் வேலையால் வர நேரமாகும், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியைக் கேட்க வெட்கம் என்று. அந்த இடத்தை நாலு தரம் வாசித்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப் புதினம். எங்கள் கொன்றையடிச் சந்திக்கு நூற்றைம்பது வயதாகிவிட்டது. உனக்குத் தெரிந்திருக்காது, சித்திரை வரைக்கும் எங்களுக்கும் தெரியாது. பக்கத்து ஊர்க்காரர் போன வருடம் நூற்றாண்டு விழா எடுத்தார்கள், அதற்குப் போன இராசநாயகம் வாத்தியாரை, அதுதான் உனக்கு எட்டாம் வகுப்பில் சரித்திரம் படிப்பித்துவிட்டு இப்போது பென்சனில் இருக்கிறவர், பின்வரிசைக் கதிரையில் இருத்திவிட்டார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்து ஆராய்ச்சி தொடங்கிவிட்டார். நூறு என்றால் அவர்களோடு சமமாகிவிடும், இருநூறு என்றால் யாரும் நம்பமாட்டார்கள், ஆகவே நூற்றைம்பதுக்கு ஆதாரம் கிடைத்தது. 1843இல் வேலாயுத உடையார் என்பவர் காடு வெட்டி இந்தச் சந்தியை உண்டாக்கினாராம், ஒல்லாந்தர் எழுதி வைத்த காணிப் பதிவுத் தோம்பிலே இருக்கிறதாம். ஒல்லாந்தர் போய் ஏறத்தாழ ஐம்பது வருடத்துக்குப் பிறகு உண்டான சந்தி அவர்களுடைய தோம்பில் எப்படி ஏறியது என்று உன் அப்பா கேட்டார். "அண்ணை, உங்களையும் ஒரு உபதலைவராப் போடுறன்" என்று வாத்தியார் சொன்னாராம், அத்தோடு அப்பாவின் சந்தேகம் தீர்ந்துவிட்டது. வெறும் உறுப்பினராக இருக்க ஒருவரும் சம்மதிக்காததால் விழாக் குழுவில் உபதலைவர்கள் பதினேழு பேர், அப்பா பதினான்காவது.

உடையாருக்கு ஒரு படம் வேண்டும் என்று சித்திரம் கீறுகிற ஒருவரைப் பிடித்தார்கள். அவருக்கு வர்ணமும் மண்ணெண்ணெயும் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற முருகேசுவிடம்தான் கிடைக்கும், முருகேசுதான் குழுவின் செயலாளர், ஆகையால் உடையார் முருகேசுவுக்குத் தலைப்பாகை கட்டிவிட்ட மாதிரியே வந்து சேர்ந்தார். இப்போது முருகேசு தானும் அந்த வம்சம்தான் என்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று கேட்கிறார். விழா மலரும் வெளியிட்டார்கள். பொருளாதாரத் தடையில் வெள்ளைத் தாள் வராதபடியால் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் அச்சு, ஆசிச் செய்தி தந்தவர்களின் நெற்றியில் எல்லாம் கொப்பியின் நீலக் கோடு விழுந்திருக்கிறது, மாதா கோவில் பாதிரியார்கூடத் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறார். உனக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், இதோடு அனுப்பினால் பாரம் கூடிவிடும்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என் தலையில் வந்து விடியும் வரை. உடையாருக்குச் சந்தியில் ஒரு தூண் எழுப்புவது என்று தீர்மானம் போட்டார்கள். சீமெந்து ஆனையிறவைத் தாண்டி இந்தப் பக்கம் வராமல் மூன்று வருடமாகிறது, கல்லுக்கு ஊரெல்லாம் அலைந்தார்கள், கடைசியில் சந்தியிலேயே நிற்கிற சுமைதாங்கியில் கண் விழுந்தது. நீ ரியூசன் முடிந்து வந்து சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சினேகிதிகளோடு கதைத்துக்கொண்டு நிற்பாயே, அந்தக் கல்தான். ஆள் உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு நெடுங்கல்லைக் கிடத்தியிருக்கும், தலைச்சுமையோடு வருகிறவர்கள் ஒருவருடைய கையையும் பார்த்திராமல் அதில் இறக்கி வைத்துக் களையாறி, தாங்களே திரும்ப ஏற்றிக்கொண்டு போவார்கள். மேல்கல்லைக் கழற்றித் தூணுக்குப் பீடமாகப் போடலாம் என்றார்கள். "இந்தக் காலத்திலை ஆர் தலையிலை சுமக்கினம்" என்று முருகேசு கேட்டாராம். பெற்றோல் இல்லை, லொறி இல்லை, விறகு முதல் வியாதிக்காரர் வரை சனம் தலையிலும் தோளிலும் கொண்டு திரிகிற காலத்தில்தான் அவருக்கு இந்தக் கேள்வி வந்தது.

பிள்ளை, அந்தக் கல் யாருடையது என்று உனக்கு நான் சொல்லவில்லை. உனக்கு ஒரு பெரியம்மா இருந்தார், ஞானாம்பிகை என்று பெயர், காய்ச்சலில் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். அக்கா இருபத்திரண்டு வயதில், நிறைமாதத்தில், பிள்ளையைப் பெறாமலே இறந்துபோனார். எனக்கு அப்போது பதினான்கு வயது. வயிற்றுச் சுமையை இறக்காமல் போன பெண்ணுக்குச் சுமைதாங்கி வைப்பது எங்கள் வழக்கம், வழியால் போகிறவர்கள் தங்கள் சுமையை அதில் இறக்கி வைத்து ஆறுகிற ஒவ்வொரு தரமும் அவளுக்கும் கொஞ்சம் இறங்கும் என்று. எங்கள் ஐயா, உன்னுடைய அம்மப்பா, கல்லை மாட்டு வண்டியில் கொண்டுவந்து நட்டார், பெயர் வெட்டுவிக்கவில்லை, பெயர் இருந்தால் அந்த வழியால் தன்னால் நடக்க முடியாது என்றார். கலியாணமாகாத குமர்ப்பிள்ளைக்குச் சொல்லக்கூடாத கதை என்று உனக்கு ஒளித்தேன், பிறகு நீ பிளேன் ஏறிவிட்டாய், இப்போது இந்த நேரத்தில் எழுதவே கூடாது என்று அப்பா தடுக்கிறார். தடுத்தாலும் எழுதுகிறேன்.

மேல்கல்லை நெம்பிக் கழற்ற அலவாங்கோடு சந்திக்கு வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு அடுப்பில் உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். உண்மையைச் சொன்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், ஊருக்கு நூற்றைம்பது வருடம், என் அக்காவின் கல்லுக்கு வெறும் நாற்பத்துமூன்று என்பார்கள். அதனால், "கை வைக்க முந்தி யோசியுங்கோ, உது உடையார் தன்ரை கையாலை நட்ட கல்லெண்டு எங்கடை ஐயா சொல்லுறவர்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அலவாங்கு அந்தரத்தில் நின்றது. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது, உடையார் என்று ஒருவர் இல்லை என்பது எல்லாரையும் விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும், இருந்தும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். உண்மை தெரிந்த கிழவர்கள் நாலைந்து பேர் பக்கத்தில்தான் நின்றார்கள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள், அவர்களும் உபதலைவர்கள்.

கல் தப்பிவிட்டது என்று நிம்மதியாக வந்து படுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, சந்தனம் பூசி, மாலை போட்டு, நாலு பக்கமும் கதியால் தடி நட்டுப் பனைமட்டை வரிந்து வேலி கட்டியிருக்கிறார்கள். வாசலில் ஒரு பலகை, "உடையார் கல், இதில் சுமை வைக்கக் கூடாது" என்று. சுமைதாங்கியில் சுமை வைக்கக் கூடாது என்று பலகை போட்ட ஊர் உலகத்தில் எங்கள் ஊராகத்தான் இருக்கும். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. கல்லைக் காப்பாற்றுகிறேன் என்று அக்காவுக்கு வந்துகொண்டிருந்த அந்தக் கொஞ்ச ஆறுதலையும் நான்தான் அடைத்துவிட்டேன், இனி எப்படி வாயைத் திறப்பது என்று நாலு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அந்த நாலு நாளை நினைக்க இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விழா போன வியாழக்கிழமை காலையில் நடந்தது. மைக்குக்குக் கரண்ட் இல்லை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ ஓட இரண்டு பேர் மாறி மாறிக் கையால் பெடலைச் சுற்றினார்கள், சுற்றுகிறவர் களைத்தால் பேசுகிறவரின் குரலும் சேர்ந்து இறங்கும். கவியரங்கில் ஏழு பேர் பாடினார்கள், ஏழு பேரும் உடையாரின் மீசையைத்தான் பாடினார்கள், முருகேசு தன்னுடையதைத் தடவிக்கொண்டு கேட்டார். உடையார் கல்லை ஊருக்கு அடையாளம் காட்டியதற்காக எனக்குப் பொன்னாடை போர்ப்பதாக இருந்தது, முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள், உன் கலியாணத்துக்குக் கட்டிய பச்சைச் சேலைதான் கட்டியிருந்தேன், பொய் சொல்லமாட்டேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வாத்தியார் தலைமையுரை தொடங்கினார், உடையார் வழிப்போக்கர் மேல் எவ்வளவு இரக்கம் கொண்டவர் என்று.

அந்த நேரம் பார்த்துக் கச்சாய்க் கரையிலிருந்து மீன்காரி லூர்த்தம்மா பனையோலைக் கடகம் நிறைய மீனைத் தலையில் சுமந்துகொண்டு வந்துவிட்டார். உனக்கு நினைவிருக்கும், நீ சின்னனாக இருக்கும்போது உனக்கென்று மட்டி ஒளித்துக் கொண்டுவந்து தருகிறவர். முப்பது வருடமாக இந்தச் சந்தியில் இறக்கி ஆறித்தான் ஊருக்குள் போவார், இரண்டு கிழமை காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் வருகிறார், வேலியைப் பற்றித் தெரியாது. தொண்டர் சின்னம் குத்தினவர்கள் மறித்து, "நிலத்திலை வையணை" என்று சொன்னார்கள். "நிலத்திலை வைச்சால் ஆர் தூக்கி விடுறது, உங்கடை உடையாரோ" என்று அவர் கேட்டார். சரி, பேச்சு முடியும்வரை ஒரு பக்கமாக நில்லுங்கோ என்று நிறுத்திவிட்டார்கள். வாத்தியார் இரக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறார். லூர்த்தம்மா வெயிலில் நிற்கிறார், கடகத்திலிருந்து மீன் தண்ணீர் கழுத்தால் வடிகிறது, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை, அக்கா கடைசிக் கிழமையில் கிணற்றடியில் அப்படித்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமியார் வீட்டில் தண்ணீர் அள்ளித் தரச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டுத் தானே அள்ளிச் சுமந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், பதினான்கு வயதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எழும்பிப் போய் வேலியைப் பிடித்து இழுத்தேன். எனக்கு அவ்வளவு பலம் இருக்கிறது என்று தெரியாது, ஒரு பக்க மட்டை அப்படியே கையோடு வந்துவிட்டது. கடகத்துக்கு ஒரு கை கொடுத்து மாலைக்கு மேலேயே இறக்கி வைத்தோம். பெடல் சுற்றுகிறவர் என்னைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு சுற்றுவதை விட்டுவிட்டார், மைக் நின்றுவிட்டது, ஆகவே நான் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "உது உடையாற்றை கல்லில்லை, என்ரை அக்கா ஞானாம்பிகையின்ரை கல், வயித்திலை பிள்ளையோடை செத்தவ, நான்தான் பொய் சொன்னனான்" என்றேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன், அவ்வளவு சனத்துக்கு முன்னால். லூர்த்தம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பேர்தான் தெரியாது தங்கச்சி, பொம்பிளையின்ரை கல்லெண்டு தெரியும், ஒவ்வொரு நாளும் இறக்கி வைக்கேக்கை இந்தக் கல்லுக்குரியவளுக்கெண்டு ஒரு செபம் சொல்லுறனான்" என்று சொன்னார். முப்பது வருடம், குணா. கூடப்பிறந்த நாங்கள் திவசத்துக்கு மட்டும் நினைத்தோம்.

அன்று பின்னேரமே விழாக் குழு அவசரமாகக் கூடியது. மலர் அச்சாகிவிட்டபடியால் நான் சொன்ன விஷயத்தை இருநூறாவது ஆண்டு விழாவில் பரிசீலிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். என் பொன்னாடையை முருகேசுவுக்குப் போர்த்தார்கள், அப்பாவின் பதினான்காம் உபதலைவர் பதவி பறிபோய்விட்டது, மனிதர் அன்றைக்கு ஒரு பிடி கூடவே சாப்பிட்டார். மிச்ச வேலி இரண்டு நாளில் ஊராருக்கு விறகாகிவிட்டது, பலகையை லூர்த்தம்மா மீன் வெட்டக் கொண்டு போய்விட்டார். தூணுக்கு இனி அந்தக் கல்லைக் கேட்க மாட்டார்கள், பாதிப் பேர் உடையாருக்குப் பயம், பாதிப் பேர் அக்காவுக்குப் பயம். வாத்தியார் மட்டும் நேற்று வந்து, என் அக்கா ஒருவேளை உடையாரின் பூட்டப்பிள்ளையாக இருக்கலாமா என்று மெதுவாகக் கேட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இதை ஏன் உனக்கு இந்த நேரத்தில் எழுதினேன் என்று இப்போது விளங்கும். உன்னைப் பயப்படுத்த இல்லை, நீ இருக்கிற இடத்தில் நல்ல டொக்டர்மார் இருக்கிறார்கள். ஆனால் சாமான் பையை நீ தூக்காதே. அந்த வெள்ளைக்காரியைக் கேள், அரைகுறைப் பாஷையில் கேட்டாலும் பரவாயில்லை, வெட்கம் ஒரு நாளைக்குத்தான். குளிருக்குக் காலுறை போடு, மல்லித் தண்ணீர் அவித்துக் குடி, மருமகனுக்கும் இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்டு. பிறந்தவுடன் கொழும்பில் சித்தப்பா வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிடு, கிளாலிக் கடலைப் படகில் தாண்டி இங்கே வருகிற யாரிடமாவது அவர் சொல்லி அனுப்புவார். இந்தக் கடிதமும் அப்படிப் போகிற ஒருவர் கையில்தான் கொடுக்கிறேன். தாயும் பிள்ளையும் வேறு வேறாகி, நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ நானும் அப்பாவும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு அங்கே வர வழியில்லை. அதனால் காலையில் மாட்டுக்குப் புல்லு வெட்டிக்கொண்டு வரும்போது சந்தியில் நின்று புல்லுக்கட்டை அந்தக் கல்லில் இறக்கி வைக்கிறேன், பாரமான கட்டு இல்லை, உன்னை நினைத்து வைக்கிறேன். நீ பெற்று எழும்பிவிட்டாய் என்று செய்தி வருகிற அன்றைக்குக் கையை வீசிக்கொண்டு போய் அக்காவுக்குச் சொல்லிவிட்டு வருவேன்.

உன் செய்திக்காக வழி பார்த்திருக்கும்
அம்மா
கனகாம்பிகை