இரண்டு பிக்கப்பும் ஒரு சரஸ்வதி பூஜையும்

7.10.97, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

தி.நகர் ஸ்டூடியோ. ஐயப்பன் பாட்டு காசெட். கார்த்திகைக்குள் கடைக்கு வந்தாக வேண்டுமாம். மூன்றாவது டேக்கில் மாஸ்டர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். ஹெட்போனைக் கழற்றினார். "யாருப்பா அது, உள்ள தேனீ வளர்க்கிறது?"

என் பேஸ் கித்தார்தான். வாசிக்காமல் நின்றாலே ஊம்ம்ம் என்று ஓர் இரைச்சல். தந்தியில் கை வைத்தால் பாதி அடங்கும். ஏசியை நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் அடங்கும். ஏசியை நிறுத்தினால் மாஸ்டர் அடங்க மாட்டார்.

வெளியே வரும்போது தோளில் கை போட்டார். "விஜயதசமி அன்னிக்கு டைட்டில் பாட்டு. அன்னிக்கும் இரைஞ்சுதுன்னா தப்பா நெனச்சுக்காதீங்க. ஸ்டீபனே பேஸையும் கீபோர்டுல வாசிச்சுருவாரு. அப்புறம் அதுவே பழகிரும்."

கத்தியிருந்தால் பரவாயில்லை. அன்பாகச் சொன்னார். ஏற்கெனவே இரண்டு கம்பெனிக்கு அப்படிப் பழகிவிட்டது.

8.10, புதன்

பீரோ மேல்தட்டு. மச்சினன் போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து என் பேஸுக்கென்று கொண்டுவந்த பிக்கப் ஜோடி. இரையாத ரகம். பிரிக்காத டப்பா. பழையதை எடுத்தால் என் சத்தமே போய்விடுமோ என்ற பயத்தில் தொடாமல் வைத்திருந்தேன். பதினோரு வருஷச் சத்தம். இனி அதையெல்லாம் பார்க்க முடியாது.

வாங்க:
ஈயம், மெல்லியது
சால்டரிங் அயர்னுக்குப் புது முனை
இன்சுலேஷன் டேப்
கொலுவுக்கு வெற்றிலை, கொண்டைக்கடலை அரை கிலோ

கொண்டைக்கடலையை மறந்தேன். வசந்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் எட்டிப் பார்த்தாள். "இந்த ரெண்டு கறுப்புக் கட்டைக்கா இவ்ளோ அமர்க்களம்?"

தந்தி ஆடுவதைக் கேட்கிற காது அதுதான் என்றேன்.

"அப்போ காதை மாத்தறேள்னு சொல்லுங்கோ."

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். இதே காசெட்டில் கோரஸும் பாடப் போகிறாள். அவளுக்கு விளக்க நான் யார்.

9.10, வியாழன்

தந்தி கழற்றியாயிற்று. திருகாணி நான்கும் துரு. மயிலாப்பூர்க் கடல்காற்று.

புதிது இரண்டும் ஒரே நீளம் இல்லை. தந்தி கட்டுகிற முனை, பிரிட்ஜ் பக்கத்துக்கு உள்ளது ஒரு நூல் அதிகம். இடம் மாற்றி வைத்து அரை மணி நேரம் அழுத்திக்கொண்டிருந்தேன். முட்டாள்.

ஒன்றில் வெள்ளை ஒயர், கறுப்பு ஒயர். மற்றதில் சிவப்பு, வெள்ளை. காகிதம் முழுக்க ஜப்பான் எழுத்து. வெள்ளை என்றால் எல்லாவற்றிலும் வெள்ளைதானே என்று இரண்டு வெள்ளையையும் ஒரே இடத்தில் ஒட்டினேன்.

கடைசிச் சொட்டு ஈயம் வைத்ததும் கரண்ட் போனது.

"முடிஞ்சுதா?" வசந்தி, இருட்டிலிருந்து. "கார்த்தால எல்லாத்தையும் பூஜைல வெக்கணும்."

"முடிஞ்சுது."

வாசித்துக் கேட்கவே இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன்?

10.10, வெள்ளி. சரஸ்வதி பூஜை

ஆறு மணிக்கு வாசித்துப் பார்த்தேன். முதல் பிக்கப் மட்டும்: அருமை. பிளக் போடவில்லையோ என்று சந்தேகம் வருகிற அளவுக்கு நிசப்தம். இரண்டாவது மட்டும்: அருமை. இரண்டையும் சேர்த்துத் திறந்தேன். அடிச் சத்தம் போயே போச்சு. ஜலதோஷக்காரன் பேசுகிற மாதிரி மூக்கால் ஒரு சத்தம். டைட்டில் பாட்டுக்கு இரண்டும் சேர்ந்துதான் வேண்டும்.

அயர்னைத் தேடினால் காணோம். மீட்டர் காணோம். கொலுவுக்குக் கீழே மணை போட்டு வரிசையாக: அவள் சுருதிப் பெட்டி, பாட்டு நோட்டு, என் ஸ்க்ரூ டிரைவர், மீட்டர், சால்டரிங் அயர்ன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அயர்ன் ஒயரைச் சுருட்டி அதன்மேல் ஒரு முழம் மல்லிகை.

"அஞ்சு நிமிஷம் அந்த அயர்னை..."

"பொட்டு வெச்சாச்சு. இனிமே நாளைக்குத்தான். நேத்திக்கே முடிஞ்சுதுன்னேளே?"

பேஸையும் கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய. பிக்கப்மேல் சந்தனம் வைக்கப் போனாள். நான் கத்தின கத்தலில் மரத்தில் வைத்தாள்.

நாளை ஏழு மணிக்கு ரெக்கார்டிங்.

பத்து மணி, மந்தைவெளி. கன்னியப்பன் டிவி ரிப்பேர் கடை. வாசலில் உடைத்த பூசணிக்காயில் வழுக்கப் பார்த்தேன். புதுச் சட்டையில் பொரி கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், இன்னிக்குப் போய் வந்துகிறே! அயர்னெல்லாம் சாமிகிட்ட கீது."

விஷயத்தைச் சொன்னேன். பொரியை மென்றபடி யோசித்தான்.

"ஒண்ணுத்துல ஒயரு தலைகீழா கீது சார். இது தள்ளசொல்லோ அது இழுக்குது. ரெண்டும் சேந்தா சத்தத்தை அதுங்களே துன்னுடும். ஒண்ணுத்துல மட்டும் ரெண்டு ஒயரையும் மாத்திப் போடு. அஞ்சு நிமிசம்."

அஞ்சு நிமிஷ வேலை. ஊர் முழுக்கச் சூடாக ஓர் அயர்ன் இல்லை.

மதியம் வடை, பாயசம். ருசி தெரியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நாலு தரம் பூஜை இடத்தைத் தாண்டிப் போனேன். வசந்தி எதிர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். கையை நீட்டினேன். எடுக்கவில்லை. பக்தி என்று சொன்னால் பொய். நாளைக்கு ஏதாவது ஆனால், தொட்டதால்தான் என்று ஆயுசுக்கும் உறுத்தும். அந்தப் பயம்.

11.10, சனி

ஐந்து மணிக்குப் புனர் பூஜை. கற்பூரம் காட்டி முடித்ததும் அயர்னுக்குத் தாவினேன். தடுத்தாள். "மொதல்ல அம்பாளுக்கு வாசியுங்கோ." மூக்கடைத்த பேஸில் நாலு ஸ்வரம். அம்பாள் மன்னிக்கட்டும்.

அயர்ன் சூடேறச் சந்தனம் கருகிப் புகை. அஞ்சு நிமிஷம் இருபது ஆயிற்று. இரண்டையும் திறந்து ஒரே ஒரு தட்டு. அடிச் சத்தம் வந்துவிட்டது. நெஞ்சில் இடித்தது. கண்ணில் தண்ணீர். புகை என்றேன்.

ஆட்டோ. போய்ச் சேர ஏழு மணி பத்து நிமிஷம். மாஸ்டர் இரைச்சலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. "என்ன சார், பிளக் சொருகினீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். ராகு காலத்துக்கு முன்னால் இரண்டாவது டேக் ஓகே.

கித்தாரை உறைக்குள் போடும்போது காதில் விழுந்தது. மாஸ்டர் ஸ்டீபனிடம்: "சேஃப்டிக்கு நீயும் அதே பேஸை இன்னொரு ட்ராக்ல போட்டுரு. மிக்ஸிங்ல எது நல்லாருக்கோ அத வச்சுக்கலாம்."

கேட்காத மாதிரி ஜிப்பை இழுத்தேன்.

13.10, திங்கள்

மழை. மாஸ்டரிடமிருந்து போன் இல்லை. எதை வைத்தீர்கள் என்று எப்படிக் கேட்பது? இரண்டு தரம் டயல் செய்து வைத்துவிட்டேன். செருப்பு தைக்கக் கொடுத்தேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

15.10, புதன்

வசந்தி கையில் காசெட். வருகிற வெள்ளிக்கிழமை கோரஸ் பாடுகிறவர்களுக்குப் பழகக் கொடுத்தது. அரைகுறை மிக்ஸிங். கோரஸ் சேர்த்ததும் முடித்துவிடுவார்கள்.

போட்டேன். பேஸ் இருக்கிறது. வழுவழு என்று, சுத்தமாக. ஆனால் நானா, ஸ்டீபனா? ஆறு தரம் கேட்டேன். தெரியவில்லை. பழைய பிக்கப்பாக இருந்தால் முதல் நொடியிலேயே தெரிந்திருக்கும். பதினோரு வருஷம் வாசித்தவனுக்குத் தன் கையை அடையாளம் தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

வசந்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "நீங்கதான்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"ரெண்டாவது சரணம், முடியற எடம். எப்பவும் போல ஒரு இழை லேட்டா விழறேள். மெஷின் அப்படி விழாது."

திருப்பிப் போட்டேன். ஆமாம். லேட். நன்றாகவே லேட். ஒரு நிமிஷம் சந்தோஷம், நான்தான் என்று. அப்புறம் உடம்பெல்லாம் சூடு. ஒரு போன் செய்தால் அந்த ஓர் இடத்தை மட்டும் திருப்பி வாசித்துக் கொடுத்துவிடலாம். சொன்னால் மாஸ்டர் கவனித்துக் கேட்பார். கேட்டால் ஸ்டீபன் ட்ராக்கைத் திறப்பார். அப்புறம் அதுவே பழகிரும்.

அந்த இடத்தைப் பற்றி அங்கே யாரிடமும் மூச்சு விடாதே என்றேன்.

பீன்ஸை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "அங்கதானே கோரஸ் சேர்றது? வெள்ளிக்கிழமை அந்த எடத்துல நான் கொஞ்சம் சத்தமாப் பாடிடறேன்."