மலிவு அத்தர் இரண்டு

நேற்றுச் சாயங்காலம் டிராமில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். காது மடலில் ஒரு பஞ்சுத் துணுக்கு. லஸ் வருவதற்குள் அந்த வாசனை என் மேல் முழுக்க ஏறிவிட்டது. வெல்லப் பாகின் இனிப்பு, அதற்கு அடியில் கிராம்பு. நான் என்னை அறியாமல் நகர்ந்து உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் உனக்கு இடம் விட்டேன். அவர் அதைத் தமக்குச் செய்த மரியாதையாக எண்ணிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த அத்தர் ஹினாவா, ஷமாமாவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு காலத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

நினைவிருக்கிறதா, கச்சேரி சாலையில் மசூதிக்கு எதிர்வரிசையில் பாயின் அத்தர் கடை? நாம் இருவரும் ஒரே ஆபீசில் சேர்ந்த புதிது. ரோஜாவும் மல்லிகையும் நமக்கு எட்டாத விலை. நம்மைப் போன்றவர்களுக்கென்று எண்ணெய் கலந்த சரக்கு இரண்டு கீழ்த்தட்டில் இருக்கும். ஹினா, ஷமாமா. இரண்டிலும் ஏலம், கிராம்பு, ஜாதிக்காய், ஏதோ வேர்கள். புதிதாக முகர்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஹினா எடுத்த எடுப்பில் இனிக்கும். காரம் பிறகு மெல்ல வரும். ஷமாமா முதலில் மூக்கைச் சுடும். இனிப்பு அங்கவஸ்திரத்தில் மறுநாள் காலையில்தான் இருக்கும். நீ ஹினா கட்சி. நான் ஷமாமா.

"உன்னை மாதிரியேடா அது," என்பாய். "முதல்ல கடிக்கும். இனிப்பு வரதுக்குள்ள மனுஷா எழுந்து போயிடுவா."

உன் ஹினா ஊரில் எல்லோரிடமும் பல்லைக் காட்டுகிற சரக்கு என்று நான் சொல்வேன். நீ அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. உனக்குக் கோபிக்கத் தெரியாது. அந்த வேலையையும் சேர்த்து நான்தான் செய்துகொண்டிருந்தேன்.

கடையிலேயே முகர்ந்து வாங்குவது நம் வழக்கமில்லை. பாய் கண்ணாடிக் குச்சியால் இடது புறங்கையில் ஒன்றும் வலது புறங்கையில் ஒன்றுமாகத் தொட்டு வைப்பார். சாந்தோம் கடற்கரை வரை நடப்போம். கடல் காற்று மேல் வாசனையை எல்லாம் அடித்துக்கொண்டு போன பிறகு மிஞ்சுவதுதான் அசல் என்பது நம் சித்தாந்தம். மணலில் நின்று நீ என் கைகளை முகர்வாய், நான் உன் கைகளை. நடந்து வந்த நேரத்தில் அவனவன் மூக்கு அவனவன் வாசனைக்குப் பழகிப்போயிருக்கும். தன் கை தனக்குப் பொய் சொல்லும். "நம்ம கையை நம்ம மூக்கு நம்பப்படாதுடா" என்று நீ வைத்த சட்டம் அது. கூடையோடு போன மீன்காரி ஒருத்தி, நாம் இப்படி மாறி மாறிக் கையை முகர்வதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னா நைனா, ரெண்டு மாப்ளயும் ஒரே பொண்ணப் பாக்கப் போறீங்களா?"

நீ குனிந்து அவளிடமே கையை நீட்டித் தீர்ப்புக் கேட்டாய். ரெண்டும் மீனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனாள். வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தாய். அந்தச் சிரிப்பைத்தான் நான் இப்போது எங்கும் கேட்பதில்லை. ஆபீசில் சிரிக்கிறவர்கள் எல்லாம் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள்.

உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம், சண்டை வேண்டாம், உன் ஷமாமாவே இருக்கட்டும் என்று விட்டுக் கொடுத்தாய். வருகிறவர்களுக்குச் சந்தனத்தோடு என் அத்தரைத்தான் கையில் தடவுவது என்று பேச்சு. நானே தேர்ந்தெடுத்துப் புதுக் குப்பியில் ஊற்றிக் கொண்டுவந்தேன். தியாகராய நகரில் சுண்ணாம்பு ஈரம் காயாத புது வீடு உன் மாமனாருடையது. அவர் என் குப்பியைத் திறந்து முகர்ந்தார். "இது டிராம்ல வர வாசனையாச்சே," என்று சொல்லி, உறவினர் எதிரே மூடி என் கையிலேயே கொடுத்தார். வெள்ளித் தட்டில் சீமை செண்ட் வைக்கப்பட்டது. நீ மாலையும் கழுத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

குப்பியை உக்கிராண அறையில் வாழைக்கட்டுகளுக்கு நடுவே வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்தேன். மங்கள காரியத்தில் சாப்பிடாமல் போனது தப்பென்று மயிலாப்பூரே சொன்னது. நான் இன்று வரை சொல்லவில்லை. ஒரு வார்த்தை, "அது என் சிநேகிதன் கொண்டுவந்தது" என்று ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். மாமனார் சிபாரிசில் நீ வேறு ஆபீசுக்குப் போனாய், அடையாற்றில் வீடு பார்த்துக்கொண்டாய். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். எட்டு வருஷம். போன ஆடியில் விஷக் காய்ச்சலில் நீ போனதை உன் தம்பி எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு கோயில் குளக்கரையில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். உன் தம்பியை நான் மன்னிப்பதாக இல்லை.

நேற்று டிராமை விட்டு இறங்கி நேரே பாய் கடைக்குப் போனேன். தாடி வெளுத்துவிட்டது. என்னை உடனே கண்டுகொண்டார். இரண்டையும் தொட்டு வைக்கச் சொன்னேன். வைத்துக்கொண்டே கேட்டார்: "கூட வருவாரே, அவரு எப்டி கீறாரு சார்? மழைக்கு முன்னாலருந்தே காணோமே."

உனக்கு நடந்ததைச் சொன்னேன். குச்சியைக் குப்பியில் போட்டார். பிறகுதான் எனக்குத் தெரியாததைச் சொன்னார். நீ அடையாற்றிலிருந்து அடிக்கடி வருவாயாம். இரண்டு கையிலும் இரண்டையும் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவாயாம். திரும்பி வந்து பாயிடம் கையை நீட்டி எது நல்லது என்று கேட்பாயாம்.

"நாள் பூரா இதுலயே குந்திக்கினு கீறேன், என் மூக்கு செத்துப் பூட்ச்சு சார், உங்க தோஸ்தை இட்டாங்கன்னு சொல்வேன். வருவான் பாய், கோவம் ஆறட்டும், வருவான்னு சொல்வாரு. ஒண்ணும் வாங்காம பூடுவாரு."

காசை வைத்துவிட்டுக் கிழக்கே நடந்தேன். நம் வேகத்தில்தான் நடந்தேன். மணலில் நின்று இடது கையை முகர்ந்தேன், வலது கையை முகர்ந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டும் ஒரே வாசனையாக, என் வாசனையாக இருந்தது. பக்கத்தில் கையை நீட்ட ஆள் இல்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைக் கவனித்தார்கள்.

கோபம் ஆறினால் நான் வருவேன் என்று பாயிடம் சொன்னாயாம். நீ எதைத்தான் சரியாகக் கணித்தாய்? ஆறவில்லை. உன் மாமனார் மேல் ஆறவில்லை, உன் தம்பி மேல் ஆறவில்லை, அன்றைக்குக் குனிந்த உன் தலை மேல் இன்னும் ஆறவே இல்லை. ஆறாமலேதான் வந்து நிற்கிறேன்.