கிச்சா தூக்கிய கை

நவம்பர் 8, 1974. வெள்ளி

பகலெல்லாம் புழுக்கம், மூன்று மணிக்கு மழை. துலாவர்ஷம் (நம் ஐப்பசி மழை) மட்டும் இந்த ஊரில் நேரம் தவறுவதில்லை.

செய்ய வேண்டியது: பி.எஸ்ஸி. ரெக்கார்டு நோட்டுகள் திருத்த இன்னும் பாதி. சாலைக் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்த குடையை வாங்கணும். அண்ணாவுக்குத் தைலம்.

மகளிர் கல்லூரிக் கூடைப்பந்து, அரையிறுதி. எங்கள் கல்லூரி சுலபமாக ஜெயித்தது. எதிர் அணிக்கு ஓடத் தெரிகிறது, நிற்கத் தெரியவில்லை. நம் அணியில் செல்வராணி ஒருத்திதான் பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து ஆடுகிறாள். போனக்காடு தேயிலை எஸ்டேட் பெண், பி.ஏ. இரண்டாம் வருஷம். மற்ற நால்வரும் அவளையே பார்த்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

இந்த வருஷத்து நடுவர்களைப் பற்றி என் கருத்து (யாரும் கேட்கவில்லை):

- கண்ணாடிக்காரர். பந்தைத் தட்டாமல் நாலடி நடந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். தள்ளினால் பார்ப்பார், ஆனால் தள்ளப்பட்டவள் மேல் ஃபவுல் கொடுப்பார்.
- போலீஸ்காரர். விசில் பிரமாதம். எதற்கு ஊதினோம் என்று அவருக்கே பிறகுதான் தெரியும்.
- கிச்சா. எங்கள் வலியசாலைத் தெருதான், நாலு வீடு தள்ளி. பாங்கில் வேலை, சனிக்கிழமை நடுவர். நேர்மையானவன். விதிப் புத்தகம் மனப்பாடம். ஒரே குறை: மணிச்சத்தம் கேட்டதும் நேரம் பார்க்கிற மேசையைத் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி, ஆட்டம் நின்றது என்று காட்டிவிடுவான். பல வருஷமாகப் பார்க்கிறேன். இதுவரை அதனால் ஒன்றும் கெடவில்லை.

பத்திரிகை: கால்பந்துக்கு அரைப் பக்கம். நமக்கு நாலு வரி, அதில் ஒரு வரி சீருடையின் நிறம்.

நவம்பர் 9, சனி

இறுதி ஆட்டம். மூன்றரைக்குத் தொடங்க வேண்டியது. மழை. பியூன் நாணு சாக்கு போட்டுத் தளத்துத் தண்ணீரைத் துடைத்து முடிப்பதற்குள் நாலே கால் தாண்டிவிட்டது. வழக்கமான படியில், வழக்கமான இடத்தில் நான். ஈரம். ரெக்கார்டு நோட்டு ஒன்றைப் போட்டு உட்கார்ந்தேன். யாருடையது என்று பார்க்கவில்லை.

தேர்வுக் குழுவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பது இந்த ஆட்டத்தையும் அடுத்த சனிக்கிழமைச் சோதனை ஆட்டத்தையும் பார்த்துத்தான். பாதி ஆட்டத்தில் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போனார். பாதி ஆட்டத்தைப் பார்த்து முழு அணியையும் தேர்ந்தெடுக்கும் திறமை எனக்கு இல்லை.

கடைசி நிமிஷம். நாம் ஒரு பாயிண்ட் முன்னால். பந்து செல்வராணி கையில். அப்போது மணி அடித்தது.

எங்கள் மணி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கான்வென்ட் பள்ளி, ஹாஸ்டல் பிள்ளைகளின் ஜெபத்துக்கு தினமும் ஐந்தரைக்கு அடிப்பது. அவர்களுடையதும் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, எங்களுடையதும் அதே. மற்ற வருஷங்களில் அந்த நேரத்துக்கு ஆட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருப்போம்.

செல்வராணி பந்தைத் தரையில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். எதிர் அணித் தலைவியிடம் கை கொடுக்கப் போனாள். கிச்சாவின் கை மேலே. இதை நான் பார்த்தேன். மேசையிலிருந்து அன்னம்மா (எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை, நேரம் பார்ப்பவள்) "ஆயிட்டில்ல! டைம் ஆயிட்டில்ல!" என்று, இன்னும் நேரம் ஆகவில்லை என்று, கத்தினாள். கிச்சா கையை இறக்கினான். அதற்குள் எதிர் அணிப் பெண் ஒருத்தி பந்தை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டாள். கிச்சா இரண்டு விரலைக் காட்டினான். செல்லும் என்று அர்த்தம்.

மிச்சமிருந்த வினாடிகளில் ஒன்றும் மாறவில்லை. ஒரு பாயிண்டில் தோல்வி.

கேலரி இரைச்சல். செல்வராணி ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். அது அவிழ்ந்திருக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால்: பக்கத்துப் பள்ளி மணிக்கு விதியில் இடமில்லை. அதற்காக நின்றது அவள் தப்பு. ஆனால் நடுவர் கை தூக்கினால் பந்து செத்த பந்து. அதன் பிறகு விழுந்த கூடை செல்லாது.

நவம்பர் 10, ஞாயிறு

மழை இல்லை. மன்னி அடைக்கு அரைத்திருந்தாள்.

அண்ணா பேப்பரை உரக்க வாசித்தார். ரிட்டயரான பிறகு வீட்டில் அவர்தான் ரேடியோ. மலையாளத்தில் இருப்பதைத் தமிழில் ஒலிபரப்புவார்.

"கேளுடி. 'நடுவரோடு தர்க்கம் செய்து, பந்தை வீசி எறிந்துவிட்டு ஆடுகளத்தை விட்டு வெளியேறிய வீராங்கனையின் ஒழுங்கீனமே கல்லூரியின் தோல்விக்குக் காரணம்.' பேரும் போட்டிருக்கான். செல்வராணி. உன் காலேஜ் மானம் போச்சு, போ."

"அப்படி நடக்கல, அண்ணா."

"நீ பாத்தயா?"

"பாத்தேன். படியிலதான் உக்காந்திருந்தேன்."

"பேப்பர்ல போட்டிருக்கே."

மன்னி சமையலறையிலிருந்து: "இவ பாத்ததைப் பேப்பர்ல போடலை, பேப்பர்ல போட்டதை நீங்க பாக்கறேள். அடை ஆறறது, வாங்கோ."

அந்த நிருபரை நேற்று கேலரியில் நான் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு கான்டீனில் பார்த்தேன்.

நவம்பர் 11, திங்கள்

வெயில். லாபில் ஒரு பியூரெட் உடைந்தது. யாரும் உடைக்கவில்லையாம்.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் அன்னம்மா. முகம் சரியில்லை. தேர்வுக் குழுவில் மூன்று பேரும் பேப்பரைப் படித்திருக்கிறார்கள். ஒழுங்கீனம் உள்ள குட்டி (மலையாளத்தில் பெண்) வேண்டாம் என்று சொல்லியாச்சு. சோதனை ஆட்டத்துக்காவது வரட்டும் என்று அன்னம்மா கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறாள்.

"வந்து ஆடிட்டுப் போகலாமாம் டீச்சரே. எடுக்க மாட்டாங்க. மனசுல எழுதி முடிச்சாச்சு."

"நீ மேசையில இருந்தயே. சொல்லேன்."

"என் குட்டிக்கு நான் சாட்சி சொன்னா யாரு கேக்கும்? கிச்சா சார் சொல்லணும்."

செல்வராணியைக் கூப்பிட்டுவிட்டேன். லாப் வாசலிலேயே நின்றாள்.

"ஏன் பந்தைக் கீழே வச்சே?"

"மணி அடிச்சிச்சே மிஸ்." கொஞ்சம் கழித்து: "எஸ்டேட்ல ஆபீஸ் மணி அடிச்சா கூடைய அப்படியே இறக்கி வச்சிருவாங்க. அதுக்கப்புறம் கிள்ளுனா கங்காணி ஏசுவாரு. சின்னதுல இருந்து பாத்துப் பாத்து… கை தானா வச்சிருச்சு."

"நடுவர்கிட்ட ஏதாவது சொன்னயா?"

"ஒண்ணும் சொல்லல மிஸ். சொல்லலாமான்னு கூட எனக்குத் தெரியாது."

அப்பா வந்துவிட்டுப் போனாராம். லயத்தில் (எஸ்டேட் குடியிருப்பு) யாரோ பேப்பரைக் காட்டியிருக்கிறார்கள். பல்கலைக்கழக அணியில் எடுத்தால் ஹாஸ்டலில் இலவச இடம், படிக்கலாம். இல்லையென்றால் கிறிஸ்துமஸுக்கு வரும்போது பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்துவிடு, எஸ்டேட்டில் வேலைக்குப் பெயர் பதியச் சொல்கிறார்கள் என்றாராம். கோபமாகச் சொல்லவில்லையாம். அதுதான் கஷ்டமாக இருக்கிறது என்றாள்.

அழவில்லை. நானும் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு அது வராது. விசில் கேட்டால் நில், மணிக்கு நிற்காதே என்றேன். தலையாட்டினாள்.

ஆபீஸ் போனிலிருந்து அந்த நிருபருக்குப் பேசினேன். பொய் சொல்லவில்லை, மரியாதையாகவே பேசினார். ஆட்டத்தைப் பார்க்கவில்லை, மழையாம், கான்டீனில் இருந்தவர்கள் சொன்னதை எழுதினாராம். திருத்தம் போடுவீர்களா?

"போடலாம் மேடம். ஆனா ஒண்ணு. முதல்ல படிக்காதவங்களும் திருத்தத்தைப் படிப்பாங்க. படிச்சிட்டு, என்ன நடந்ததுன்னு விசாரிப்பாங்க. குட்டிக்குத்தான் கேடு."

போனை வைத்துவிட்டு லாபுக்குத் திரும்பினேன்.

நவம்பர் 13, புதன்

சாயங்காலம் கிச்சா வந்தான். நான்தான் கூப்பிட்டனுப்பினேன். மன்னி காப்பி கொடுத்தாள். அண்ணா பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "கிச்சா, அந்தப் பொண்ணு உன்னோட சண்டை போட்டாளா?"

"சேச்சே. வாயே திறக்கலையே. யார் சொன்னா?"

"பேப்பர்."

"அதை நான் பாக்கலை அக்கா. நான் இங்கிலீஷ் பேப்பர்னா வாங்கறேன்."

"அப்ப தேர்வுக் குழுகிட்ட அதைச் சொல்லு."

"சொல்றேனே. அதுல என்ன. ஆனா பந்தை ஏன் வச்சான்னு கேப்பா. பக்கத்து ஸ்கூல் மணிக்கு நின்னுட்டான்னு சொல்லணும். அது அவளுக்கு நல்லதா? புத்தியில்லாத பொண்ணுன்னு தள்ளிடுவா."

"நீயும் நின்னயே. கையைத் தூக்கினயே."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "நானா?"

"நீதான்."

"வேர்வை துடைச்சிண்டிருப்பேன் அக்கா. கேட்டேளா, எந்த மணி எதுன்னு தெரியாமயா இத்தனை வருஷம் விசில் ஊதறேன்? மேசையைப் பாக்காம நான் கை தூக்கினதே கிடையாது. வேணும்னா யாரை வேணும்னாலும் கேளுங்கோ."

அவன் முகத்தைப் பார்த்தேன். பொய் இல்லை. நிஜமாகவே தெரியவில்லை. பொய் சொல்கிறவனாக இருந்தால் மடக்கியிருக்கலாம். தன் கை செய்வது தனக்குத் தெரியாத மனிதனை என்ன செய்வது?

போகும்போது, "நான் ஊதினது தப்பா இருந்தா, நானே போய்ச் சொல்றவன் அக்கா," என்றான். அதுவும் நிஜம்தான்.

அண்ணா: "பாவம், நல்ல பிள்ளை. அவனைப் போய் குறுக்கு விசாரணை பண்றயே."

நவம்பர் 14, வியாழன்

மேகம். குடை வந்துவிட்டது. கம்பி ஒன்று இன்னும் மடங்குகிறது.

சோதனை ஆட்டம் சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு என்று போர்டில் போட்டிருக்கிறது. நடுவர் கிச்சா. அன்னம்மாவிடம் சொன்னேன், காலை வெயில் கிழக்குக் கூடைக்கு நேரே அடிக்கிறது, பாதிப் பெண்களுக்குக் கண் கூசும், சாயங்காலம் நாலரைக்கு மாற்றினால் நல்லது என்று.

அன்னம்மா என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "வெயிலா டீச்சரே?"

"வெயில்தான்."

"செரி. வெயில்னு எழுதிக் கொடுக்குறேன்."

வெயில் அடிப்பதும் உண்மைதான்.

நவம்பர் 16, சனி

மழை மூன்றரைக்கே பெய்து ஓய்ந்தது. வந்துவிடுமோ, சாயங்காலமும் கெடுமோ என்று மத்தியானம் நாலு தடவை வானத்தைப் பார்த்தேன். இந்த மாதிரி நான் செய்வதில்லை.

தேர்வுக் குழு மூவரும் நாற்காலியில். இந்தத் தடவை பஸ்ஸுக்கு அவசரம் இல்லை போலும். இருபது பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து, மாற்றி மாற்றி இறக்கினார்கள். செல்வராணியைக் கடைசியாக இறக்கினார்கள். அவள் பந்து எடுத்தபோது நடு நாற்காலிக்காரர் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் சுமார். ஒரு பெண் தன் பக்கத்துக் கூடையிலேயே போடப் பார்த்தாள்.

ஐந்தரை. சுவருக்கு அந்தப் பக்கம் மணி.

ஒன்பது பெண்கள் நின்றார்கள். செல்வராணி நிற்கவில்லை. இரண்டு தடவை தட்டி, எம்பி, போட்டாள். பந்து வலையில் இறங்கித் தரையில் குதிக்கிற சத்தம் மட்டும். தளத்தில் வேறு யாரும் அசையவில்லை.

கிச்சாவும் அசையவில்லை. அவன் வலது கை நேராக மேலே.

அவள் பந்தை எடுத்து அவனிடம் கொண்டுபோய் நீட்டினாள். "சார், ஆட்டம் முடிஞ்சிச்சா?"

கிச்சா மேசையைப் பார்த்தான். அன்னம்மா ஸ்டாப் வாட்சைத் தூக்கிக் காட்டினாள், ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு அவன் தன் கையைப் பார்த்தான். அங்கே அது எப்படிப் போனது என்று கேட்பது போல. மெல்ல இறக்கினான். நெற்றியைத் துடைக்கவில்லை.

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். "எந்தா சாரே, பள்ளிக்கூடம் விட்டோ?"

அவன் சிரிக்கவில்லை. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலிகளிடம் போனான். நான் படியில், கொஞ்சம் தூரம். பாதிதான் கேட்டது. மலையாளத்தில் பேசினான். "போன சனிக்கிழமையும் இப்படித்தான் தூக்கியிருக்கேன். எனக்குத் தெரியல. அந்தக் கூடை செல்லாது." பிறகு ஏதோ. பிறகு, "அந்தக் குட்டி என்னோடு தர்க்கம் ஒண்ணும் செய்யல. நான்தான் பேசியிருக்கணும், பேசாம இருந்துட்டேன்."

நடு நாற்காலிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு முதல் தடவையாகத் தளத்தைப் பார்த்தார். அவளை இன்னும் பத்து நிமிஷம் ஆடச் சொன்னார்.

போன வார முடிவு மாறாது. கையெழுத்துப் போட்டாச்சு, கோப்பை எதிர் அணியிடம்தான் இருக்கும். அது எனக்குப் பெரிதில்லை.

வெளியே வரும்போது கிச்சா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அக்கா, காலைல வச்சிருந்த ஆட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாத்தினது யாரு?"

"வெயில்," என்றேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடந்தான். "நன்னாத்தான் அடிச்சது வெயில்."

தெரு வரை வந்தோம். சைக்கிளில் ஏறாமலே வீட்டுக்குப் போனான். நான் செய்தது சரிதானா என்று தெரியவில்லை. வேறு வழி தெரியவில்லை என்பது மட்டும் தெரியும்.

நவம்பர் 18, திங்கள்

போர்டில் பெயர்ப் பட்டியல். செல்வராணி, எட்டாவது. நான் வகுப்புக்குப் போகிற வழியில் பார்த்தேன். நின்று பார்க்கவில்லை.

அவள் லாபுக்கு வந்தாள். "அப்பாவுக்கு லெட்டர் போட்டுட்டேன் மிஸ். பெட்டிய இங்கயே வச்சிருக்கேன்னு." பிறகு போகாமல் நின்றாள். சோதனை ஆட்டத்தன்று மணி அடித்தபோது கை தானாகக் கீழே போகப் பார்த்ததாம். அதனால்தான் போட்டுவிட்டாளாம், கையை விட்டுப் போய்விட்டால் வைக்க முடியாதே என்று.

ரெக்கார்டு நோட்டு ஒன்றில் ஈரக் கறை. மாணவியிடம் மன்னிப்புக் கேட்கணும்.

நவம்பர் 20, புதன்

நல்ல வெயில். மன்னி அப்பளம் காயவைத்தாள்.

பேப்பரில் பல்கலைக்கழக மகளிர் அணியின் படம். திருத்தம் எதுவும் இல்லை, போன வாரச் செய்தி போன வாரத்தோடு. அண்ணா படத்தை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எண்ணினார்.

"பன்னிரண்டு பேர்னு போட்டிருக்கான். பதினொண்ணுதானே இருக்கு? இதுல எவடி உன் பொண்ணு?"

வாங்கிப் பார்த்தேன். இடம் போதாமல் வலது ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள்.

"அந்த ஓரத்துல, பந்தைப் பிடிச்சிண்டு ஒரு கை தெரியறதே. அதுதான்."