அளவைக் கூட்டச் சொன்னாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்த முறை கை வரவில்லை.

அம்மா உன்னிடம் போனில் சளி என்றுதான் சொல்லியிருப்பாள். சளி இல்லை. நுரையீரலில் கட்டி, கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது. உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை மீறித்தான் எழுதுகிறேன்.

அவள் வேலை பார்க்கிற ஸ்கேன் அறையில் அவளுக்குக் 'கஞ்சக்கா' என்று பெயர் வைத்திருந்தார்களே, ஞாபகம் இருக்கும். கதிர்வீச்சைக் கிள்ளிக் கிள்ளித்தான் கொடுப்பாள். ஒல்லியானவருக்கு ஒரு அளவு, பருமனானவருக்கு ஒரு அளவு என்று பார்த்துப் பார்த்து வைப்பாள். நெஞ்சை மட்டும் எடுக்கச் சொன்னால் வயிற்றுப் பக்கம் தேவைக்குமேல் ஒரு விரல் அகலம்கூட இறங்க விடமாட்டாள். படம் புள்ளி புள்ளியாக வருகிறதென்று டாக்டர் கத்தினால், நோய் தெரிகிறதா இல்லையா, இதென்ன கல்யாண போட்டோவா என்று திருப்பிக் கேட்பாள். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்திருக்கிறோம்.

நேற்று அதே மேஜையில் அவள் படுத்தாள். மருந்து கேட்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன். அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கதவோரம் நின்றேன். கூட வேலை பார்க்கும் பெண், அம்மா பழக்கியபடியே அளவைக் குறைத்து வைத்துவிட்டு வந்து சொன்னாள். "கூட்டி வைம்மா, படம் தெளிவா வரட்டும்" என்றாள் அம்மா. அந்தப் பெண் மாட்டேன் என்று தலையாட்டினாள். "குறைக்கிறது எதுக்கு? இருபது வருஷம் கழிச்சு இதனால வேற ஒரு கட்டி வந்துடக் கூடாதுன்னுதானே? எனக்கு எதுக்கும்மா அது?" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பெண் அழுதுகொண்டே போய் மாற்றினாள்.

டாக்டர்கள் எத்தனையோ சொன்னார்கள், எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. அவள் சொன்ன இந்த ஒன்று ஏறிவிட்டது. படமும் தெளிவாகத்தான் வந்திருக்கிறது. மருந்து கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒன்றுமே நடக்காததுபோல் துணி மடித்தாள். நான் இடிந்துபோய்விட்டேன். அவள் எதிரே அழவும் முடியவில்லை, அழாமல் இருக்கவும் முடியவில்லை.

லீவு கிடைக்குமா, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் என்னாகும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருக்காதே. கிளம்பி வா. வாசலில் உன்னைப் பார்த்ததும், சத்தியத்தை மீறினதற்கு என்னை நார் நாராகக் கிழித்துவிடுவாள். கிழிக்கட்டும். என்னைத் திட்டுவதற்கு அவளுக்கு மூச்சு இருக்கும்போதே வந்துவிடு, கண்ணம்மா.

நீ நன்றாயிருக்க வேண்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா