கூட்டாமல் விட்ட வாசல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டி வலி குறைந்ததா? மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே போடுகிறீர்கள்? நான் நலம்.

ஒரு விஷயம் சொல்கிறேன், பதறாதீர்கள். நான் துப்புரவு வேலை பார்க்கும் கண்ணாடிக் கட்டடத்தில் இரவில் ஆளே கிடையாது, ஆனால் மாடிக்கு மாடி விளக்கு எரிகிறது. இது பறவைகள் வலசை போகும் மாதம். அந்த வெளிச்சத்தில் வழி தப்பி, கண்ணாடியில் மோதிச் சாகின்றன. ஆபீஸ் திறப்பதற்குள் வாரிக் குப்பையில் போடுவது என் வேலை. லைட்டை அணைக்கச் சொன்னால், "கட்டடம் எடுப்பா தெரிய வேணாமா?" என்கிறார் மேனேஜர். யாருக்குத் தெரிய? செத்துக் கிடப்பவற்றுக்கா?

நேற்று வேண்டுமென்றே கூட்டாமல் விட்டேன். வந்தவர்களெல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"ஏன் கூட்டல?" என்று மேனேஜர் கத்தினார்.

"தினமும் நான்தான் பாக்கறேன். ஒரு நாள் நீங்களும் பாருங்க சார்" என்றேன்.

வேலை போகவில்லை. விளக்கும் அணையவில்லை. இனிமேல் நான் இன்னும் சீக்கிரம் வந்து கூட்ட வேண்டுமாம். இதற்கு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது!

உயிரோடு கிடந்த ஒன்றை, நீங்கள் கொடுத்த துண்டில் சுற்றிவைத்துப் பறக்கவிட்டேன். வேறு துண்டு அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போட்டுப் பழகியதே போதும்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் எப்போது வந்தாலும் இருட்டில் நிற்கக் கூடாதென்று, விடிய விடிய வாசல் விளக்கை எரிய விடுகிறீர்களாம், தங்கச்சி சொன்னாள். அணைத்துவிடுங்கள் அப்பா. எனக்கு லீவு கிடைக்கவில்லை. கிளம்பிவிட்ட பறவைகளாவது போய்ச் சேரட்டும்.

உங்கள் மூத்தவள்