ரோஜாப்பூ ஓரம் போட்ட வெடிமருந்து அட்டவணை

இன்று காலை உன் தம்பி கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு வெடிமருந்து போட வேண்டும் என்கிற அட்டவணை. நாலு ஓரமும் ரோஜாப்பூ, கீழே ‘பகிருங்கள் நண்பர்களே’. யார் சோதித்தது, எந்தத் துப்பாக்கியில், எந்த வருடம், ஒன்றும் கிடையாது. நீ போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படியொரு குப்பைக்கு நம் வீட்டுக்குள் நுழையும் தைரியம் வந்துவிட்டது.

அவனும் நானும் உரிமம் வைத்துக்கொண்டு ரைபிள் கிளப்பில் சுடுகிறவர்கள். போட்டிப் பயிற்சிக்காக, சுட்ட தோட்டாக் கூடுகளை மறுபடி நிரப்புவது நம் பின்னறையில்தான். நிரப்புவது நானென்றாலும், எந்தப் புத்தகத்தை நம்புவது என்று முடிவு செய்தவள் நீ. செம்மேட்டு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துப் பழகிய உனக்கு, அளவு எழுதுகிறவர்கள் எல்லோர்மேலும் சந்தேகம். அதிலும் துப்பாக்கிக்காரர்கள் என்றால் தனி இளக்காரம்.

ஒருமுறை சேலத்திலிருந்து பளபளவென்று ஒரு புத்தகம் வாங்கி வந்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு பக்கம் புரட்டினாய்.

“ஏனுங்க, துப்பாக்கியப் புடிச்சுட்டு நிக்கறதுக்கு அட்டை முழுசும் எடுத்துக்கிட்டான். எதுல சுட்டுப் பாத்தான்னு சொல்ல அரை வரி இல்லீங்களே.”

அன்றே அது மிளகுக் கூடைக்கு முட்டுக் கொடுக்கப் போனது.

நீ தேர்ந்தெடுத்தது வெடிமருந்து தயாரிக்கிறவர்களே போட்ட, படமில்லாத அழுக்குப் பச்சைத் தடிப்புத்தகம். முதல் பக்கத்தில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டியிருந்தது: பழைய பதிப்பில் ஓர் அளவு அதிகமாக அச்சாகிவிட்டது, அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று. தப்பு விட்டவனையா நம்பச் சொல்கிறாய் என்று கேட்டேன்.

“தப்ப ஒத்துக்கிட்டுச் சீட்டு ஒட்டியிருக்கான். மத்தவனெல்லாம் தப்பு உடாமயா இருப்பான்? ஒத்துக்க மாட்டான், அவ்வளவுதாங்க.”

மத்தியானம், அந்த அளவிலேயே நிரப்ப வேண்டும் என்று உன் தம்பி நேரிலேயே வந்துவிட்டான். “மச்சான், நம்ம மலையிலயே குண்டனி நாட்டுப் பக்கத்து ஊர்ல நம்ம ஆளு ஒருத்தர் இதப் பாத்துத்தான் ரொப்பறாரு. ஒண்ணும் ஆகலீங்க.”

“இன்னும் ஆகல” என்றேன்.

பச்சைப் புத்தகத்தை விரித்து, பக்கத்தில் கைப்பேசியை வைத்துக் காட்டினேன். சீட்டில் வேண்டாம் என்று சொன்ன அதே அளவு, ரோஜாப்பூவுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தது. அட்டவணை போட்ட மேதாவி பழைய பதிப்பைப் பார்த்து அப்படியே இறக்கியிருக்கிறான். இதைப் பார்த்த பிறகும் உன் தம்பி சொன்னது இதுதான்: “புஸ்தகம்னா ஆளுக்கொண்ணு சொல்லுமுங்க.”

உன்கூடப் பிறந்தவன் என்று நம்பவே கஷ்டமாக இருந்தது. கன்னத்தைத் துப்பாக்கியோடு ஒட்டி வைத்துச் சுடுகிறவன் அவன். மருந்து அதிகமாகி வெடித்தால் முதலில் போவது கண். மலை ரோட்டில் லாரி ஓட்டிச் சோறு தின்கிறவனுக்குக் கண் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“அக்கா இருந்திருந்தா தொறந்து உட்டிருக்கும்” என்றான்.

நீ போன பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். நீ இருந்திருந்தால் அவன் கைப்பேசியும் மிளகுக் கூடைக்கு அடியில் போயிருக்கும். உன் நகையையெல்லாம் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். உன் இளக்காரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை, நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு லாரியில் ஏறினான். கிளப்புவதற்கு முன் கண்ணாடியை இறக்கி என்னை ஒரு முறை முறைத்தான். இரண்டு கண்ணாலும் முறைத்தான். அப்படியே உன் கண்.